2147483647: கம்ப்யூட்டரின் எல்லையில் நிற்கும் பகா எண்

சென்னையில் பழைய வாடிக்கையாளர் பட்டியல் எதையாவது திறந்து பாருங்கள். டியூஷன் சென்டர், பல் டாக்டர் கிளினிக், ஏசி சர்வீஸ் கடை, எதுவானாலும் சரி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ அவசரத்தில் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேராக இருந்தால், அதில் ஒரு கூத்து நடந்திருக்க வாய்ப்புண்டு. பெரம்பூர்க்காரருக்கும் வேளச்சேரிக்காரருக்கும் அண்ணா நகர்க்காரருக்கும் ஒரே செல்போன் நம்பர்: 2147483647. நம் நாட்டில் செல் நம்பர் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். 2-இல் தொடங்கும் சிம் எந்தக் கடையிலும் விற்றதில்லை.

நடந்தது இதுதான். போன் நம்பரை எழுத்துகளாகச் சேமிக்காமல் கணக்குப் போடும் எண்ணாகச் சேமித்துவிட்டார்கள். ‘இன்ட்’ வகை எண்ணுக்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 கட்டங்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. தகவல்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள், வழக்கமான அமைப்பில், அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் தகராறு செய்யாது. இந்த எல்லையிலேயே வெட்டி எழுதிக்கொண்டு போய்விடும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் ‘அடங்காது’ என்று திருப்பி அனுப்புவது வழக்கமானது. 9840 என்று தொடங்கும் பத்து இலக்கத்தை எண்ணாகப் படித்தால் 984 கோடி. 044 போட்டு லேண்ட்லைன் நம்பரை எழுதினாலும் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்து 440 கோடிக்கு மேல் நிற்கும். ஆக, இப்படிப் பத்து இலக்கத்தில் எழுதிய சென்னை நம்பர் ஒன்றுகூட 214 கோடிக்குள் அடங்காது. ஊரே ஒரே எண்ணில் போய் விழும்.

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாய்விட்டுப் படிக்க வேண்டிய இந்த எண் ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஓ.எம்.ஆரில் கோடிங் வேலை பார்க்கும் பலருக்கு இந்த எண் மனப்பாடம். ஆனால் அது பகா எண் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்களிலும் சிலர் ஒரு படி மேலே போய், ‘பகா எண் என்பதால்தான் அதை எல்லையாக வைத்தார்கள்’ என்று அடித்துச் சொல்வார்கள். அது தப்பு.

இந்த எண்ணில் மூன்று சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது கம்ப்யூட்டரின் எல்லை. அதன் வடிவம் 2³¹ − 1. அது ஒரு பகா எண். எந்தக் குணம் இந்த மூன்றில் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் எல்லை. 32 பிட்டில் ஒரு பிட், எண் ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விடும். மிச்சம் 31 பிட். அத்தனையும் 1 என்று இருந்தால் 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்ட வேண்டும். விடை 2³¹ − 1. இதில் பகா எண்ணுக்கு வேலையே இல்லை. சந்தேகமிருந்தால் இதே குடும்பத்தின் மற்ற எல்லைகளைப் பாருங்கள். 8 பிட்டின் எல்லை 127, பகா எண்தான். 16 பிட்டின் எல்லை 32767. அது 7 × 31 × 151 என்று உடைகிறது. 64 பிட்டின் எல்லை 9223372036854775807. அது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657 என்று நொறுங்கிப் போகிறது. கம்ப்யூட்டர் வடிவமைத்தவர்கள் பகா எண்ணைத் தேடிப் போயிருந்தால் இந்த இரண்டையும் தொட்டிருக்க மாட்டார்கள். 32 பிட்டில் பகா எண் வந்து வாய்த்தது தற்செயல்.

2038-ஆம் ஆண்டுப் பிரச்சினை என்று சொல்கிறார்களே, அதுவும் இந்த எல்லையைச் சேர்ந்ததுதான். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளில், 2147483647-ஆவது நொடி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு வரும். அடுத்த நொடியில் எண் மைனஸுக்குத் தாவி, தேதி 1901-க்குப் போய்விடும். பொங்கல் லீவு முடிந்து ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும் நேரம். 64 பிட்டுக்கு மாறிய கணினிகளுக்குக் கவலையில்லை. சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோன சின்னச் சின்னக் கருவிகள்தான் தொந்தரவு தரும்.

இனி வடிவத்துக்கு வருவோம்.

16 பிட், 64 பிட் எல்லைகள் உடைந்ததற்குக் காரணம் அடுக்கிலேயே இருக்கிறது. 2¹⁵ − 1 என்பது பைனரியில் பதினைந்து ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாகக் கட்டினால் 111 111 111 111 111. ஒவ்வொரு கட்டும் 111, அதாவது 7. எனவே மொத்தமும் 7-ஆல் வகுபடும். ஐந்தைந்தாகக் கட்டினால் 31-ஆல் வகுபடும். அடுக்கு எப்படி உடைகிறதோ, அப்படியே எண்ணும் உடையும். 63-க்கும் இதே கதிதான். ஆகவே 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்க வேண்டும் என்றால், அடுக்கும் பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். 8 பிட்டுக்கு 7, 32 பிட்டுக்கு 31, இரண்டும் பகா எண்கள். ப்ளஸ்-மைனஸ் பிட்டைக் கழித்தபின் வந்த அதிர்ஷ்டம்.

ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89. எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டவர் மரான் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. அதனால்தான் இவ்வகை எண்களுக்கு அவர் பெயர். 257 வரையிலான அவருடைய பட்டியலில் 31 இருந்தது, அது சரி. 67-உம் 257-உம் இருந்தன, அவை தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. 67 தவறு என்பதை லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1876-இல் காட்டிவிட்டாலும், காரணிகள் கிடைக்க 1903 ஆனது. ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் அந்த 21 இலக்க எண்ணை 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். மெர்சென் எதை வைத்து அந்தப் பட்டியலைப் போட்டார் என்பதற்கு நிரூபணம் எதையும் அவர் கொடுக்கவில்லை. பாதி கணக்கு, பாதி தைரியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

31-க்கு நிரூபணம் தந்தவர் ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணிதர். 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொன்னார். அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுகிறது. எனவே 46340 வரையுள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்து ஒன்றும் வகுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. ஆனால் அவை ஏறத்தாழ 4,800 இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை 4,800 முறை கையால் வகுப்பது என்றால் யாருக்கும் போதும் போதும் என்றாகிவிடும். ஆய்லர் அந்தப் பட்டியலை 84-ஆகக் குறைத்தார். எப்படிக் குறைத்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எண் கோட்பாட்டின் அழகு இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு பகா எண் 2147483647-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘வ’ என்போம். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக வ-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மீதி 1 வரும். அதன்பின் பழைய மீதிகளே அதே வரிசையில் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. முதல் அடியிலேயே மீதி 1 வர வழியில்லை என்பதால், 31-தான். இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம், 2-ஐ (வ − 1) அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வரும் என்கிறது. எனவே சுற்றின் நீளமான 31, வ − 1-ஐயும் வகுத்தாக வேண்டும். வ ஒற்றைப்படை, எனவே வ − 1 இரட்டைப்படை. முடிவாக வ − 1 என்பது 62-இன் மடங்கு. ஒரே வீச்சில் முப்பதில் ஒரு பங்கு பகா எண்கள்தான் மிச்சம்.

இரண்டாவது சல்லடை இன்னும் நேர்த்தியானது. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது வ-ஆல் வகுத்து மீதி பார்க்கும் உலகத்தில், 2 என்பது ஒரு முழு வர்க்கத்தின் மீதியாக நிற்கிறது. அப்படி நிற்பது 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே சாத்தியம். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வ-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும்.

வரிசையை எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இதில் 311-க்கு முன்னால் இருப்பவை பகா எண்களே அல்ல. 497 என்பது 7 × 71. 559 என்பது 13 × 43. 1241 என்பது 17 × 73. ஆக முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியது 311. 311 × 6905092 = 2147483612; மீதி 35. அடுத்தது 1303. 1303 × 1648107 = 2147483421; மீதி 226. இப்படியே 46340 வரை போக வேண்டும். ஆய்லர் போனார், ஒன்றும் வகுக்கவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மனிதனுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இது இருந்தது. பொறுமை இருப்பவர் இன்றும் ஒரு கோடு போட்ட நோட்டில் இந்த 84 வகுத்தல்களையும் செய்து பார்த்துவிடலாம்.

வடிவத்திலிருந்து மட்டும் வரும் இன்னொரு குணம். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது லக்ராஞ்சின் தேற்றம். சில எண்களுக்கு இரண்டோ மூன்றோ போதும். நம் எண்ணுக்குப் போதாது, நான்கும் வேண்டும். காரணம் அதன் கடைசி மூன்று பிட்டும் 1 என்பதால் 8-ஆல் வகுத்தால் மீதி 7. வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் 0, 1, 4 ஆகிய மீதிகள்தான் வரும். மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. இதில் பகா எண் என்பதற்கு இடமே இல்லை, 32767-க்கும் இது பொருந்தும். வர்க்கத்தை விட்டு நான்காம் அடுக்குக்குப் போனால் கேள்வி பயங்கரமாகக் கடினமாகிவிடும். எந்த எண்ணையும் 19 நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1986-இல் நிறுவிய மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன், பின்னாளில் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். டைடல் பார்க் சிக்னலில் நிற்கும் எத்தனை பேருக்கு அந்த வளாகம் பக்கத்தில் இருப்பது தெரியுமோ!

ராமானுஜனும் இந்த வடிவத்தை ஒரு பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறார். துறைமுகக் கழக எழுத்தர் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகைக்கு மாறிய அதே 1913-இல், இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார். 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் எப்போது வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 என்று ஐந்து இடங்களில் வருகிறது. வேறு இடம் உண்டா? இல்லை என்று நார்வேக்காரர் நாகெல் 1948-இல் நிரூபித்தார். இதற்கும் நம் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? 1 + 2 + 3 என்று தொடர்ந்து கூட்டி வரும் முக்கோண எண் எதையும் 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வரும். மெர்சென் வடிவ எண்ணுக்கு இதைச் செய்தால் கிடைப்பது 2-இன் ஒரு அடுக்கு கழித்தல் 7. அப்படியே ராமானுஜனின் கேள்வி! ஆக, 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைந்து நிற்கும் எண்களில் முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே. நியாயமாகச் சொன்னால், 2147483647 முக்கோண எண் இல்லை என்று காட்ட இவ்வளவு தூரம் போக வேண்டாம். முக்கோண எண் எப்போதும் இரண்டாக உடையும், 3-ஐத் தவிர வேறு பகா எண் முக்கோண எண்ணாக இருக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரின் மற்ற எல்லைகளுக்கும் சேர்த்துப் பதில் வேண்டுமென்றால் ராமானுஜன் வழிதான்.

சரி, பகா எண் என்பது உண்மையிலேயே எங்கே உதவுகிறது? ரேண்டம் எண்களை, அதாவது தாறுமாறாக வருவது போல் தோன்றும் எண்களை, உண்டாக்கும் வேலையில்.

கம்ப்யூட்டரால் சும்மா ஒரு எண்ணை நினைத்துக்கொள்ள முடியாது. ஒரு எண்ணில் தொடங்கி, குறிப்பிட்ட ஒன்றால் பெருக்கி, இன்னொன்றால் வகுத்து மீதியை எடுத்து, அதையே மறுபடி பெருக்கி என்று ஓட்டும் முறையை டி. எச். லெமர் என்ற அமெரிக்கக் கணிதர் முன்வைத்தார். சிறிய எண்ணில் பார்த்தால் புரியும். 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மீதி எடுங்கள்: 1, 3, 1, 3. இரண்டே எண்ணில் சிக்கிக்கொண்டது. 8-க்குப் பதில் 7 என்ற பகா எண்ணை வையுங்கள்: 1, 3, 2, 6, 4, 5. பூஜ்யம் தவிர ஆறும் வந்துவிட்டன. ஆனால் 3-க்குப் பதில் 2-ஆல் பெருக்கினால் 1, 2, 4 என்று பாதியிலேயே திரும்பிவிடும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், எல்லா மீதிகளையும் சுற்றி வரும் பெருக்கி ஒன்றாவது கட்டாயம் உண்டு. ஆனால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

32 பிட் கணினியில் 2147483647 இதற்கென்றே செய்து வைத்தது போல் பொருந்தியது. 1960-களின் இறுதியில் ஐபிஎம் கணினிகளுக்காகத் தேர்ந்தெடுத்த பெருக்கி 16807, அதாவது 7-இன் ஐந்தாம் அடுக்கு. இந்தத் தேர்வு சரி என்று காட்ட 214 கோடி முறை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து உடைத்தால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. பெருக்கி 7 முழுச் சுற்றுச் சுற்றும் என்று தெரிந்துவிட்டால், இந்தக் காரணிகளில் 5 இல்லாததால் 7-இன் ஐந்தாம் அடுக்கும் முழுச் சுற்றுச் சுற்றும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 214 கோடியே சொச்சம் எண்களையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1-க்கு வரும். ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988-இல் இதையே குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது. பத்தாயிரமாவது எண் 1043618065 என்று வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அதன் தரநிலையே சொல்கிறது.

இங்கே வடிவமும் கைகொடுக்கிறது. 999-ஆல் வகுத்து மீதி காண வேண்டுமானால் மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கூட்டினால் போதும்: 123456-க்கு 123 + 456 = 579. அதே மாதிரி 2³¹ − 1-ஆல் வகுக்க, எண்ணை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும். வகுத்தல் என்ற மெதுவான வேலையே வேண்டாம். ஆனால் அதே வடிவம் ஒரு வம்பையும் கொண்டு வருகிறது. 2-ஐப் பெருக்கியாக வைத்தால் பிட்டுகள் ஒரு இடம் நகர்ந்து வட்டமடிக்கும், அவ்வளவுதான். 31 அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

இன்றைக்கு இந்த முறையைப் பள்ளிக்கூடப் பயிற்சிக்கும் சின்ன விளையாட்டுக்கும் மேல் நம்ப வேண்டாம். 214 கோடி என்பது இப்போதைய கணினிக்குச் சில நொடி வேலை. ஓடிபி, கடவுச்சொல் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துவது ஆபத்து. ஒரு எண் தெரிந்தால் அடுத்த எண்ணைக் கையாலேயே போட்டுவிடலாம். ரகசியத்துக்கு வேண்டிய பகா எண்கள் வேறு சாதி. அவை நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டவை, யாருக்கும் முன்பே தெரியாதவை. பெயர் வைத்து ஊர் அறிந்த பகா எண் அங்கே செல்லாக்காசு.

வடிவமும் பகா எண்ணும் சேர்ந்தால் மட்டும் வரும் குணம் ஒன்று உண்டு, யூக்ளிட் காலத்திலிருந்து தெரிந்தது. 6-இன் சிறு வகுத்திகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கும் அப்படியே. இவற்றைச் செவ்விய எண்கள் என்பார்கள். மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு செவ்விய எண்ணைத் தரும். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. இது எட்டாவது செவ்விய எண். பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர் 1811-இல், இதைவிடப் பெரியதை யாரும் எப்போதும் கண்டுபிடிக்கப் போவதில்லை, உபயோகமில்லாத விஷயத்துக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று எழுதி வைத்தார். மெனக்கெட ஆள் இருந்தது. 1876-இல் எதுவார் லூகா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின், மெர்சென் விட்டுவிட்ட 2⁶¹ − 1-ஐப் பிடித்தார்.

லூகாவின் வழி ஆய்லர் வழிக்கு நேர் எதிர். காரணியைத் தேடவே தேடாது. 4-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வை, திரும்பச் செய். 31-க்குச் செய்து பார்க்கலாம். 4-இன் வர்க்கம் 16, கழித்தால் 14. 14-இன் வர்க்கம் 196, கழித்தால் 194, மீதி 8. 8-இன் வர்க்கம் 64, கழித்தால் 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகளில், அதாவது 31 = 2⁵ − 1-க்கு மூன்றாவது தடவையில், சரியாகப் பூஜ்யம் வந்தால் பகா எண். 2147483647-க்கு 29 தடவை செய்தால் போதும். லெமர் 1930-இல் இதைச் செம்மைப்படுத்தினார்.

எந்த எண்ணுக்கும் பொருந்தும், ஊகம் எதையும் நம்பியிராத, வேகமான சோதனை ஒன்று உண்டு என்பதை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிரூபித்தார்கள். அகர்வால் 1990-களில் சில காலம் சென்னையில், இன்றைக்குச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் முன்னோடியான ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில் இருந்தவர். கோட்பாட்டில் அது பெரிய சாதனை. ஆனால் மெர்சென் எண்களுக்கு நடைமுறையில் லூகாவின் வழியை அதனால் அசைக்க முடியவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, தெரிந்த பகா எண்களிலேயே மிகப் பெரியது, 41024320 இலக்கம். அதையும் கடைசியில் உறுதி செய்தது லூகா–லெமர் சோதனைதான். நம் எண் மெர்சென் பகா எண்களில் எட்டாவது, இது 52-ஆவதாகக் கிடைத்தது.

2147483647-இன் அடுக்கான 31-உம் ஒரு மெர்சென் பகா எண் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2⁵ − 1 = 31, பிறகு 2³¹ − 1. இப்படி இரட்டை அடுக்கில் வரும் எண்கள் மிகவும் அரிது: 7, 127, 2147483647, அப்புறம் 2¹²⁷ − 1. தெரிந்தவை இந்த நான்குதான். இதே ஆட்டத்தை இன்னொரு படி ஏற்றி, 2-ஐ 2147483647 அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால்? 64 கோடி இலக்கத்துக்கு மேல் நீளும் எண் அது. பகா எண்ணாக இருந்திருந்தால் இன்றைய சாதனையைப் பதினைந்து மடங்கு தாண்டியிருக்கும். ஆனால் அதற்கு ஒரு காரணி கிடைத்துவிட்டது: 295257526626031. ஆய்லரின் முதல் சல்லடையை இதிலும் பார்க்கலாம். இதிலிருந்து 1-ஐக் கழித்தால் 295257526626030, அது சரியாக 2147483647 × 137490. இரட்டைப்படை மடங்கு, விதி சொன்னபடி. 8-ஆல் வகுத்தால் மீதி 7; இரண்டாவது விதியும் சரி.

அடுத்த வேட்பாளர், 2-இன் அடுக்கில் 2⁶¹ − 1-ஐ வைப்பது. அதில் எத்தனை இலக்கங்கள் என்ற எண்ணிக்கையை எழுதவே 18 இலக்கம் வேண்டும். லூகாவின் சோதனையை அதில் தொடங்கவே முடியாது. எண்ணை எழுதி வைக்க இடம் வேண்டுமே. அதனால் அங்கே தேடுகிறவர்கள் 1772-இன் வழிக்கே போகிறார்கள். 2⁶¹ − 1-இன் இரட்டைப்படை மடங்கோடு 1 சேர்த்து, 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7 வருகிறதா என்று பார்த்து, மிஞ்சியவற்றால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணி எதுவும் இன்னும் சிக்கவில்லை.